நாவலில் பிழைத்தவர்களைச் சினிமா ஏன் சாகடிக்கிறது?

நூல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' நாவலைப் போன வாரம்தான் படித்து முடித்தேன். அதை வைத்து குப்ரிக் எடுத்த படத்தைப் பல வருடங்களுக்கு முன்பே பார்த்துவிட்டேன். அதனால் ஓட்டல் சமையல்காரர் ஹாலொரன் வரும் பக்கங்களை எல்லாம் ஒரு பாரத்தோடுதான் படித்தேன். இந்த மனிதர் சாகப்போகிறார் என்று எனக்குத் தெரியுமே.

ஆனால் அவர் சாகவில்லை! 1977இல் வந்த நாவலில் அவர் ஃபுளோரிடாவிலிருந்து கொலராடோவின் பனிமலைக்குப் போராடி வந்து சேர்கிறார், அடிபடுகிறார், ஆனாலும் ஓட்டலில் சிக்கிய தாயையும் பையனையும் வெளியே கொண்டுவந்துவிடுகிறார். கடைசி அத்தியாயத்தில் கோடைகாலம், ஒரு நீர்க்கரை. அப்பாவை இழந்த சிறுவன் டேனி தூண்டில் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவனிடம் பேசுகிறார். அழ வேண்டியதை அழுதுவிட்டு வாழத்தான் வேண்டும் என்பதை ஒரு குழந்தைக்குப் புரியும்படி சொல்கிறார்.

1980இல் வந்த படத்தில் இதே மனிதர் அதே தூரம் பயணம் செய்து ஓட்டலுக்குள் நுழைகிறார். சில நிமிடங்களில் தூணுக்குப் பின்னாலிருந்து கோடரி வருகிறது, கதை முடிந்தது. அவர் வந்ததால் தாய்க்கும் மகனுக்கும் கிடைத்தது தப்பித்துப் போக ஒரு பனிவண்டி, அவ்வளவுதான்.

ஒரு நல்ல மனிதரின் சாவைக் கூட்டியதற்காக அந்த நீர்க்கரைப் பேச்சை நம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. இப்படி நாவலில் உயிரோடு இருப்பவரைப் படத்தில் மட்டும் கொல்வது ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது? உங்களுக்குத் தெரிந்தவற்றைச் சொல்லுங்கள். படம் செய்தது சரி என்று நினைப்பவர்களும் எழுதுங்கள்.

இருட்டரங்கு

சரி, படத்தின் பக்கம் நின்று பேச ஒருவராவது வேண்டும், நானே பேசுகிறேன்.

'தி ஷைனிங்' படத்தில் டேனியின் அப்பா ஜாக் கோடரியை எடுத்துக்கொண்டு அலைகிறான், கதவை உடைக்கிறான், மிரட்டுகிறான். ஆனால் ஹாலொரன் வரும்வரை நம் கண்முன் யாரையும் கொல்வதில்லை. அந்த ஒரு சாவு இல்லையென்றால் அவன் நிஜமாகவே கொல்லக்கூடியவன் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? நாவலில் ஜாக்கின் தலைக்குள் நடப்பதைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம், அவன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறான் என்று கூடவே இருந்து பார்க்கிறோம். படத்துக்கு அந்த வசதி கிடையாது. கேமரா முகத்தைக் காட்டும், மனத்தைக் காட்டாது. உள்ளே இருக்கும் ஆபத்தை வெளியே ஒரு செயலாகக் காட்டியாக வேண்டும். அதற்கு ஓர் உயிர் தேவைப்படுகிறது.

அந்த உயிர் டேனியாக இருக்க முடியாது, அம்மாவாகவும் இருக்க முடியாது. மிச்சம் இருப்பவர் ஒருவர்தான்.

நூல்வாசி

நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் கடைசி வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "மிச்சம் இருப்பவர்." அந்த மிச்சம் இருப்பவர் படம் முழுக்க நாம் பார்க்கும் ஒரே முக்கியமான கறுப்பினப் பாத்திரம். யார் மிச்சம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் கேள்விதானே.

தாள்பேனா

திரைக்கதை கற்றுக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்த இழை எனக்கு மிக நெருக்கமானது. வகுப்பில் சொல்லித்தரும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

பிளேக் ஸ்னைடர் 2005இல் எழுதிய திரைக்கதைக் கையேடு ஒன்று உண்டு. உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். கதையில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டும் இடத்தில் நாயகன் எல்லாவற்றையும் இழந்து நிற்க வேண்டும், அந்த இடத்தில் சாவின் வாடை வீச வேண்டும் என்கிறார் அவர். ஒரு சாவு, குறைந்தபட்சம் சாவை நினைவூட்டும் ஏதாவது ஒன்று. பெரும்பாலும் அது வழிகாட்டியின் சாவாகவோ நண்பனின் சாவாகவோ அமைகிறது. நாவல் எழுதுபவர் அந்த அளவுகோலை வைத்து எழுதியிருக்க மாட்டார். அவருடைய நாயகன் ஒரு கடிதத்தைப் படித்தோ, இரவெல்லாம் தூங்காமல் யோசித்தோ மாறியிருப்பான். அதைத் தழுவி எழுத உட்காரும்போது அந்த இடம் காலியாகத் தெரியும். நானே ஒரு சிறுகதையைத் தழுவிப் பயிற்சிக்காக எழுதியபோது அதில் வரும் பாட்டியைச் சாகடித்தேன். மூலக்கதையில் அவர் கடைசிவரை உயிரோடு இருக்கிறார். ஆசிரியர் "பாட்டி ஏன் செத்தார்?" என்று கேட்டார். "பேரன் ஊருக்குத் திரும்பி வர ஒரு காரணம் வேண்டுமே" என்றேன். "அது பேரனுக்கான காரணம். நான் பாட்டியைக் கேட்டேன்" என்றார். அன்றிலிருந்து எந்தப் படத்தில் யார் செத்தாலும் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. நாயகன் சாக முடியாது. டேவிட் மோரல் 1972இல் எழுதிய 'ஃபர்ஸ்ட் பிளட்' நாவலில் ராம்போ கடைசியில் செத்துவிடுகிறான். 1982இல் வந்த படத்துக்கும் அவன் சாகும் முடிவைப் படம்பிடித்தார்கள். முன்னோட்டமாகப் பார்த்தவர்கள் ஏற்கவில்லை, மாற்றிவிட்டார்கள். பிறகு எத்தனை பாகங்கள் வந்தன என்று நமக்குத் தெரியும். நாயகனின் உயிர் விலையேறிவிட்டால், கதைக்குத் தேவையான சாவை வேறு யாராவதுதான் சுமக்க வேண்டியிருக்கிறது.

பழுப்புத்தாள்

'ஜுராசிக் பார்க்' பற்றி யாரும் பேசவில்லையே! இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. 1990இல் வந்த கிரைட்டனின் நாவலையும் 1993இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் பிழைக்கிறார், யார் சாகிறார் என்ற கணக்கு ஏறக்குறைய தலைகீழாக இருக்கும்.

நாவலில் பூங்காவின் முதலாளி ஹாமண்ட் சாகிறார், படத்தில் பிழைக்கிறார். மரபணு விஞ்ஞானி வூ நாவலில் சாகிறார், படத்தில் பிழைக்கிறார். வேட்டைக்காரர் மல்டூனும் வழக்கறிஞர் ஜெனாரோவும் நாவலின் முடிவில் உயிரோடு தீவை விட்டுப் போகிறார்கள். படத்தில் இருவரும் காலி.

காரணம் என்னவென்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நாவலில் ஹாமண்ட் பேராசைக்காரர், கடைசிவரை தன் தவற்றை ஒப்புக்கொள்ளாதவர். அவருடைய சாவு ஒரு தண்டனை. படத்தில் அவரைக் கனவு காணும் தாத்தாவாக மாற்றிவிட்டார்கள். தாத்தாவைத் தண்டிக்க முடியாது. ஆனால் பேராசை என்ற குற்றம் கதையில் இன்னும் இருக்கிறது, அதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அதை வழக்கறிஞரின் தலையில் வைத்தார்கள்.

இங்கேதான் இன்னொரு வேலை நடக்கிறது. நாவலில் எட் ரெஜிஸ் என்று விளம்பரப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் வருவார். டைனோசர் வந்ததும் குழந்தைகளை வண்டியில் விட்டுவிட்டு ஓடுபவர் அவர்தான், பிறகு ஓர் இளம் டைனோசருக்கு இரையாகிறவரும் அவர்தான். படத்தில் அந்த ஆளே இல்லை. இருவரை ஒருவராக்கியபோது ரெஜிஸின் கோழைத்தனமும் சாவும் ஜெனாரோவுக்கு வந்து சேர்ந்தன. நாவலின் ஜெனாரோ பயந்தாலும் கூட நின்றவர். ஆக, சில நேரம் யாரும் உட்கார்ந்து "இவனைக் கொல்லலாம்" என்று திட்டம் போடுவதில்லை. பாத்திரங்களைச் சேர்த்துத் தைக்கும்போது ஒருவருடைய சாவு இன்னொருவருக்குச் சொத்து மாதிரி வந்துவிடுகிறது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. பீட்டர் பெஞ்ச்லியின் 'ஜாஸ்' நாவலில் ஆய்வாளர் ஹூப்பரைச் சுறா கொன்றுவிடுகிறது. படத்திலும் அப்படித்தான் திட்டம். ஆனால் ஆஸ்திரேலியக் கடலில் நிஜச் சுறாக்களைப் படமெடுக்கப் போன குழுவுக்கு, ஒரு சுறா கூண்டில் மாட்டிக்கொண்டு அதைப் பிய்த்தெறியும் காட்சி கிடைத்தது. அப்போது கூண்டுக்குள் யாரும் இல்லை. அவ்வளவு நல்ல காட்சியை விட மனமில்லாமல், ஹூப்பர் முன்பே கூண்டிலிருந்து வெளியேறிக் கடலடியில் ஒளிந்துகொண்டதாகக் கதையை மாற்றினார்கள். 1975இல் படம் வந்தபோது ஹூப்பர் உயிரோடு கரைக்கு நீந்தினான். ஒரு மீன் செய்த உதவி!

தாள்பேனா

எட் ரெஜிஸ் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி, இதை வகுப்பில் சொல்லப்போகிறேன்.

மழைநாள்வாசகி

இதுவரை பேசியவற்றில் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருக்கிறது. பெண் பாத்திரங்கள்.

1994இல் ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸில் நாயகன் வீட்டுக்கு வந்து குளிர்பதனப் பெட்டியைத் திறப்பான், அதற்குள் அவன் காதலியின் உடல் இருக்கும். அதைப் பார்த்துக் கொதித்துப்போன கெயில் சிமோன், இப்படி நாயகனுக்குக் கோபம் வரவைப்பதற்காகக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியல் ஒன்றை 1999இல் இணையத்தில் போட்டார். அவரே பிறகு பெரிய காமிக்ஸ் எழுத்தாளர் ஆனார். அந்தப் பட்டியலை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் அதற்குப் பிறகு பார்க்கும் எந்தப் படமும் பழைய மாதிரி இருக்காது.

தொலைக்காட்சித் தொடரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. நாவலில் ராப் ஸ்டார்க்கின் மனைவி ஜெயின், அவன் கொல்லப்படும் கல்யாண விருந்துக்குப் போகவே இல்லை, அதனால் பிழைத்திருக்கிறாள். தொடரில் அவளுக்குப் பதிலாக டலீசா என்ற வேறொரு பெண்ணை உருவாக்கி, கர்ப்பிணியாக்கி, விருந்துக்கு அழைத்துப்போய், வயிற்றிலேயே குத்தினார்கள். 2013இல் அதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. அதிர்ச்சி வேலை செய்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவலில் அந்த இடத்தில் என்னை உடைத்தது ராப்பின் தாய் கேட்லின். அத்தியாயம் முழுக்க அவள் கண் வழியாக நடக்கிறது, அவள் புத்தி தடுமாறுவது அவள் சொற்களிலேயே நடக்கிறது. அந்தத் துக்கம் போதாது என்று எப்படி நினைத்தார்கள்?

வெட்டுமேசை

படத்தொகுப்பு என் தொழில். பெரிய படங்கள் இல்லை, குறும்படங்களும் சில தொடர்களும்.

ஒரு சாவுக் காட்சி என் மேசைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். சாகிறவரின் முகத்தில் எத்தனை நொடி நிற்கிறோம், அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்தில் எத்தனை நொடி. சாகிறவருக்கு இரண்டு நொடி, கதறும் நாயகனுக்கு இருபது நொடி என்று வந்தால், அந்தச் சாவு யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும். இயக்குநர் இசையைக் கூட்டச் சொல்வார். கூட்டினால் கண்ணில் தண்ணீர் வரும், அதில் சந்தேகமே வேண்டாம். ஏங்கும் வயலினுக்கு எல்லோருக்கும் அழுகை வரும். ஆனால் அந்த அழுகை அந்த மனிதருக்கானதா?

அப்புறம், சாவு ஒரு நல்ல முற்றுப்புள்ளி. நாவலில் துணைப் பாத்திரம் ஒன்று கடைசியில் வேறு ஊருக்குப் போகும், கல்யாணம் செய்துகொள்ளும், அல்லது சும்மா அப்படியே இருக்கும். அதைச் சொல்ல படத்துக்கு நேரம் கிடையாது. சொல்லாமல் விட்டால் "அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். செத்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். இது கொடூரமாகத் தெரியலாம், ஆனால் இரண்டரை மணி நேரத்துக்குள் பதினைந்து பேரின் கதையை முடிக்க வேண்டிய மேசையில் உட்கார்ந்தால் இந்த ஆசை வரும். எனக்கும் வந்திருக்கிறது.

கரிசல்காற்று

சாவைக் கூட்டுவதே தவறு என்ற பக்கம் இழை போகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'அசுரன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. கொலை செய்துவிட்ட ஒரு சிறுவனும் அவன் அப்பாவும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் நாவல். 2019இல் வந்த படத்தில் அந்த அப்பா சிவசாமியின் இளமைக்காலம் பெரிய ஃபிளாஷ்பேக்காக வருகிறது. அது நாவலில் இல்லாதது. அதில் வரும் மாரியம்மாளும் நாவலில் இல்லை. செருப்புப் போட்டு நடந்ததற்காக அவமானப்படுத்தப்படுகிறாள், பிறகு குடிசைகளோடு சேர்த்து எரிக்கப்படுகிறாள்.

சாகடிப்பதற்காகவே உருவாக்கப்பட்ட பெண் பாத்திரம், அதுவும் நாயகனின் கோபத்துக்குக் காரணமாக. மழைநாள்வாசகி சொன்ன பட்டியலில் அவளைச் சேர்க்கலாம். ஆனால் அந்தத் தீயைத் திரையில் பார்த்த யாருக்கும் 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேர் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. அந்தச் சாவு சிவசாமிக்கு மட்டும் சொந்தமானதில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தராத ஒரு வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது அந்தக் காட்சி. அதற்காக நான் அந்தப் படத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மழைநாள்வாசகி

கடன்பட்டிருக்கிறேன் என்பதை மதிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், மாரியம்மாளுக்கு என்ன வேண்டும் என்று படம் கேட்டதா? அந்தச் செருப்பைப் போடும்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் அவளுடையது. இன்னும் கொஞ்சம் அப்படி இருந்திருக்கலாம்.

கரிசல்காற்று

இருந்திருக்கலாம். அதை மறுக்க மாட்டேன்.

ஏட்டுச்சுவடி

தழுவலில் சாவைப் பெரிதாக்குவது சினிமா கண்டுபிடித்த பழக்கமில்லை. நம்மிடமே மிகப் பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது, அரவான்.

வியாச பாரதத்தில் அவன் பெயர் இராவான். அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். போரின் எட்டாம் நாள் ஓர் அரக்கனால் கொல்லப்படுகிறான். போரில் விழுந்த எத்தனையோ பேரில் அவனும் ஒருவன், அங்கே அவன் துணைப் பாத்திரம்தான். தமிழுக்கு வந்தபோது கதை மாறியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே களப்பலி வந்துவிடுகிறது. வெற்றிக்காகப் போருக்கு முன்பே தன்னைக் காளிக்குக் கொடுக்கிறான் அரவான். வில்லிபாரதத்திலும் இது உண்டு.

ஆனால் கவனியுங்கள். நம்முடைய கவிகள் சாவை முன்னுக்கு இழுத்தபோது கூடவே அவனுக்கு ஒரு வாயைக் கொடுத்தார்கள். அவனிடம் கேட்கிறார்கள், அவன் சம்மதிக்கிறான். சும்மா சம்மதிக்கவில்லை, பலியான பிறகும் போரைப் பார்க்க வேண்டும் என்று வரம் கேட்கிறான். வாய்மொழிக் கதைகளில் வெட்டுண்ட தலை பதினெட்டு நாளும் கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. மூலத்தில் எட்டாம் நாளோடு முடிந்துபோனவன், இங்கே கடைசி நாள்வரை கதையில் இருக்கிறான். சாவைச் சேர்த்ததால் அவன் வளர்ந்தான்.

ஹாலொரனுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. அதனால்தான் நூல்வாசிக்கு வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

இருட்டரங்கு

இந்தப் பதிலுக்காகவே இழையைப் படித்தது வீண்போகவில்லை. நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஜாக் கொலைகாரன் என்று காட்ட ஒரு சாவு தேவைதான். ஆனால் அதற்கு முன், திரும்பி வந்த ஹாலொரனுக்கும் டேனிக்கும் இடையே ஓட்டலில் இன்னொரு முறையாவது பேச்சு நடந்திருக்கலாம். வாய் திறக்காமல் ஒருவர் தலைக்குள் இன்னொருவர் பேசத் தெரிந்த இருவர்தானே.

இன்னொரு தகவல். கிங் 2013இல் எழுதிய தொடர்ச்சி 'டாக்டர் ஸ்லீப்'. அதில் ஹாலொரன் உயிரோடு வந்து சிறுவன் டேனிக்குப் பேய்களைப் பூட்டி வைக்கக் கற்றுத்தருகிறார். 2019இல் அதைப் படமாக்கியவர்கள் குப்ரிக்கின் படத்தோடும் ஒத்துப்போக வேண்டியிருந்ததால், அவரை ஆவியாகத்தான் கொண்டுவர முடிந்தது. 39 வருடங்களுக்கு முன் விழுந்த கோடரியை அடுத்த இயக்குநர் சுற்றிப்போக வேண்டியிருந்தது.

நூல்வாசி

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். ஏட்டுச்சுவடி சொன்னதை வைத்து நேற்று இரவு டோல்கீனின் 'தி டூ டவர்ஸ்' நாவலைத் திரும்ப எடுத்தேன். எனக்கு அந்தக் கதையில் வரும் ஹால்டிர் என்ற எல்ஃப் வீரன் பற்றி ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது.

2002இல் வந்த படத்தில் எல்ஃப் படையோடு ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கு வருகிறான் ஹால்டிர். போரின் உச்சத்தில் விழுகிறான், சுற்றிக் கிடக்கும் தன் மக்களின் உடல்களைப் பார்க்கிறான், காட்சி மெதுவாகிறது, அரகோர்ன் அவனைத் தாங்குகிறான். முதல்முறை பார்த்தபோது பயங்கரமாக அழுதேன். பிறகு நாவலைப் படித்தால், அவன் லோத்லோரியன் காட்டில் வழிகாட்டியாக வந்து அங்கேயே நின்றுவிடுகிறான். கோட்டைக்கு எல்ஃப் படையே வருவதில்லை. வெட்டுமேசையின் கணக்குப்படி பார்த்தால் ஹால்டிருக்கு நியாயம் செய்திருக்கிறார்கள், அவன் முகத்தில் நிற்கிறார்கள், அவன் கண்ணால் பார்க்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை அதற்குப் பிறகு யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை.

அதே போரில் நாவல் கொல்லும் ஒருவன் இருக்கிறான், ஹாமா. தியோடன் மன்னரின் வாசற்காவலன். மந்திரவாதி கந்தால்ஃபின் கைத்தடியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பிறகு தன் மனசாட்சியை நம்பி உள்ளே விட்டவன். அவன் சாவதை டோல்கீன் காட்டவே இல்லை. போர் முடிந்தபின் கோட்டை வாசலைக் காத்து விழுந்தான் என்று ஒரு வரியில் தெரிகிறது, தனியாகப் புதைக்கிறார்கள். படத்தில் அவன் கோட்டைக்கு வந்து சேருவதற்கு முன்பே, வழியில் ஓநாய்ப் படை தாக்கும்போது செத்துவிடுகிறான்.

நேற்று படித்தது அதற்கடுத்த இடம். தோற்றுப்போன எதிரி மந்திரவாதி சாருமான் கோபுரத்தின் மேலே நின்று தேன் ஒழுகும் குரலில் சமாதானம் பேசுகிறான். கேட்பவர்கள் எல்லாம் மயங்குகிறார்கள். தியோடன் கூட மயங்கிவிட்டார் என்று நினைக்கும் நேரத்தில் அவர் வாயைத் திறந்து மறுக்கிறார். எரிந்த வீடுகளையும் செத்த குழந்தைகளையும் சொல்லிவிட்டு, அடுத்ததாக ஹாமாவின் பெயரைச் சொல்கிறார். செத்த பின்னும் வாசலில் வைத்து அவன் உடலை வெட்டினீர்களே என்கிறார்.

ஒரு மன்னர், தன் வாசற்காவலனின் பெயரை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வெட்டுமேசை

மூன்று அத்தியாயம் தள்ளி வரும் ஒரு பெயர். இதை எப்படிப் படத்தில் கொண்டுவருவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். வாசலில் அவன் நின்ற இடத்தை, அவன் இல்லாமல், ஒரு ஷாட் காட்டலாம். மன்னர் பேசும்போது அது முன்பே நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

தாள்பேனா

ஒரு சந்தேகம். 'பொன்னியின் செல்வன்' நாவலை முடிப்பதே மணிமேகலையின் சாவுதானே? கடைசி அத்தியாயத்தின் பெயர்கூட 'மலர் உதிர்ந்தது!' ஆனால் 2022, 2023இல் வந்த இரண்டு பாகங்களிலும் அவள் இல்லவே இல்லை. கண்ணீருக்காகச் சாவைத் தேடுகிற சினிமா, கல்கி எழுதி வைத்த அந்தச் சாவை ஏன் விட்டது?

மழைநாள்வாசகி

அதற்கு நாவல் எடுத்துக்கொண்ட இடத்தைப் பாருங்கள். அண்ணன் கந்தமாறன் சொன்ன கதைகளைக் கேட்டே வந்தியத்தேவன் மேல் ஆசை வளர்த்தவள். அவன்மேல் கொலைப்பழி விழுந்தபோது, நான்தான் கொன்றேன் என்று முன்னால் வந்து நின்றவள். சித்தம் கலங்கி, கடைசியில் அவன் மடியில் உயிரை விடுகிறாள். இதை வாரவாரம் வருடக்கணக்கில் பத்திரிகையில் படித்தவர்களுக்கு அவள் வீட்டுப் பெண். படத்தில் இரண்டு காட்சியில் அறிமுகப்படுத்தி மூன்றாவது காட்சியில் சாகடித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

அவள் இல்லாதது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் அவசரமாகக் கொல்லவில்லையே, அவள் நாவலில் பத்திரமாக இருக்கிறாள்.

நூல்வாசி

பத்திரமாக. ஆமாம். ஹாலொரனும் அங்கே நீர்க்கரையில் உட்கார்ந்திருக்கிறார்.